நூற்றுநான்கு சுவிட்சுகளும் ஒரு நடையும்

உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டு நாள் தட்டிப் பார்த்து, சத்தம் சரியில்லை, விரலுக்குக் கரகரவென்று இருக்கிறது, பாதியில் தடுக்குகிறது என்று ஏமாந்துபோய்த் திருப்பி அனுப்பிய கீபோர்டு சுவிட்சுகளெல்லாம் மூட்டை மூட்டையாகச் சேர்ந்து, போக்கிடம் இல்லாமல் கடல் கடலாக அலைந்து, கடைசியில் தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், மாடியில் இருக்கிற எங்கள் ஷிப்பிங் ஆபீஸுக்கு வந்து சேர்ந்தன. ஊரில் யாருக்கும் வேண்டாதது எங்களுக்கு வருவது புதிதில்லை, ஆகையால் யாரும் முகம் சுளிக்கவில்லை.

கொண்டுவந்தவன் பெர்க்மான்ஸ். எங்கள் ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன், முப்பத்துநாலு வயது, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், மற்ற எல்லா விஷயத்திலும் புத்திசாலி, கீபோர்டு என்று வந்துவிட்டால் மட்டும் பித்துப் பிடித்தவன். ஒவ்வொரு எழுத்துக் கட்டைக்கும் அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு டப்பா, அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு மேலே ஒரு தண்டு, தண்டின் ஓரத்தில் அரிசி நொய் மாதிரி ஒரு புடைப்பு, விரல் அழுத்தும்போது அந்தப் புடைப்பில் தட்டி இறங்குவதில்தான் சுகமே இருக்கிறது என்று எங்கள் பதினோரு பேரையும் நிற்க வைத்துப் பாடம் நடத்தி, எல்லார் கீபோர்டிலும் அவற்றை மாட்டிவிட்டான். “கெணத்துல கல்லு விழுந்தாப்ல ஒரு சத்தம் வரும் பாருங்க அண்ணாச்சி, கேட்டுக்கிட்டே இருக்கலாம்” என்றான். நாங்களும் நம்பித் தட்டினோம். மொத்து மொத்தென்று கேட்டது. “ஏல பெர்க்மான்ஸ், கெணத்துல விழுந்த கல்லு மாதிரி இல்லியே, சாம்பார்ல விழுந்த கத்தரிக்கா மாதிரில்லா இருக்கு” என்றேன். அவன் முகம் வாடிப்போயிற்று. மூன்று நாள் அவனை ஆளாளுக்குக் கிண்டல் செய்தோம்.

நாலாவது நாள், வியாழக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, வெங்காயச் சரக்குக்குப் பில் அடித்துக்கொண்டிருந்த அருள்ஜோதி கையை எடுத்துவிட்டு, “அண்ணாச்சி, எங்கப்பா படியேறி வாராவ” என்றாள். அவள் ஒன்பது வயதில் இருக்கும்போது கொழும்புக்குப் போய், அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காத மனிதர் அவர். கதவைத் திறந்து பார்த்தோம், யாரும் இல்லை. அவள் மறுபடி விரலை வைத்தாள், படியில் ஓர் அடி கேட்டது. இன்னொரு எழுத்தை அழுத்தினாள், இன்னோர் அடி கேட்டது. விரலை எடுத்தாள், நடை நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு கீபோர்டிலும் பதினோரு பேர் நடந்து வந்தார்கள்.

ஓர் எழுத்துக்கு ஓர் அடி. இடது கை அழுத்தினால் இடது கால், வலது கை அழுத்தினால் வலது கால். யார் யாருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோமோ அவருடைய நடை, எந்த வழியாக வருவாரோ அந்த வழியாக, காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் தொலைவிலிருந்து தொடங்கி, பில் மேல் பில்லாக நாங்கள் அடிக்க அடிக்க நெருங்கி, உப்புக் கிடங்கைத் தாண்டி, ரத்தினம் டீக்கடையைத் தாண்டி, எங்கள் கட்டடத்தின் இருபத்திரண்டு படியும் ஏறி, ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு எத்தனை அழுத்தினாலும் சத்தமே கிடையாது. மறுநாள் காலை மறுபடி முதலிலிருந்து. கத்தரிக்காய்ச் சத்தம் போட்டு ஏமாற்றியதாவது பரவாயில்லை, இப்படித் தினமும் வாசல்வரை கூட்டிவந்து உள்ளே விடாமல் ஏமாற்றியதை என்னவென்று சொல்வது. என் கீபோர்டில் வந்தது ஒரு சின்னப் பிள்ளை, கொலுசு போடாத காலால் தத்தக்கா பித்தக்கா என்று ஓடிவந்தது. எனக்கும் என் வீட்டுக்காரி சலேத்துக்கும் பிள்ளை கிடையாது. அந்த நடையைப் பற்றி நான் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மீன்வரத்தை எடுத்துக்கொள்கிற மாதிரி எடுத்துக்கொண்டது. பங்குச் சாமியார் வந்து கம்ப்யூட்டர் நனையாமல் பார்த்துப் பார்த்துத் தீர்த்தம் தெளித்தார். ரத்தினம் தினமும் பதினோரு டீ கொடுக்கிறவர், கேட்காமலே இருபத்திரண்டாக அனுப்பினார். மிச்சம் பதினொன்றும் வாசலோரம் ஆறிப்போய் ஈ மொய்க்கும். பியூன் சூசை கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்கச் செங்கல் வைத்தான், பிறகு கதவையே கழற்றி வைத்தான். ஏசி வீணாகிறது என்று முதலாளி வேலாயுதம் இரண்டு நாள் கத்தினார். ஆனால் ஒருத்தரும் லீவு போடாமல், ஒருத்தரும் அரட்டை அடிக்காமல், மாலையில் முடிகிற வேலை மதியமே முடிவதைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பது அவர் கொள்கை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெளி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பதினோரு வருஷமாக மஸ்கட்டிலிருந்து வராத மகனுக்காக மைமூன்பீவி வந்து, டைப் தெரியாதவள், ஒற்றை விரலால் ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பக் குத்த, கடற்கரைச் சாலையில் ஒற்றைக் கால் மட்டும் நொண்டியடித்து வந்தது. “எம்புள்ளைக்கு ஒரு காலு போயிட்டா, யா அல்லா” என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழ, எங்கள் ஆபீஸ் ஜொவிட்டாதான் ஓடிப்போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கட்டைகளின் மேல் வைத்து, “ரெண்டு கையாலயும் அடிங்க உம்மா, புள்ள ரெண்டு காலாலயும் வருவான்” என்று பழக்கிவிட்டாள். மாதக் கடைசிக்குள் கப்பல்காரர்களின் பெண்டாட்டிகளுக்காக ஒரு பெஞ்சு போட வேண்டியதாயிற்று. மீன் வாங்குகிற இடத்தில், தண்ணீர் லாரி வரிசையில், கோயில் வாசலில், “உங்க வீட்டு ஆளு நேத்து எதுவரைக்கும் வந்தாவ?” என்று கேட்பதும், “எங்க, நாலு பில்லுதான் அடிச்சேன், உப்புக் கிடங்கோட நின்னுட்டாவ” என்று பதில் சொல்வதும் சாதாரணமாகிவிட்டது. எல்லோரும் வாசல் வரைக்கும் வந்தார்கள், ஒருத்தரும் உள்ளே வரவில்லை.

இப்போது ஜொவிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் வேகமாக அடிப்பவள் அவள்தான். அவள் புருஷன் ரெஜிஸ் நாலு வருஷத்துக்கு முன்னால் மாலத்தீவுக்கு வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு போன தோணியில் போனவன். தோணியில் ஒன்பது பேர். பன்னிரண்டாம் நாள் காயலுக்குத் தெற்கே மீன்காரர்கள் வெங்காய வலைச்சாக்கு மிதப்பதைப் பார்த்தார்கள், வேறு ஒன்றும் கிடைக்கவில்லை. மற்ற எட்டு வீட்டிலும் அழுது, பூசை வைத்து, வெள்ளைச் சேலை கட்டி முடித்தாயிற்று. ஜொவிட்டா மட்டும் பூ வைத்துக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

ரெஜிஸுக்கு வலது கால் இழுக்கும். பத்தொன்பது வயதில் நங்கூரச் சங்கிலி முட்டியில் அடித்தது. பாளையங்கோட்டைப் பெரிய டாக்டர் பார்த்தார், நாட்டு வைத்தியர் எண்ணெய் போட்டுப் பார்த்தார், வேளாங்கண்ணிக்கு வெள்ளியில் கால் செய்து போட்டுப் பார்த்தார்கள், கடைசிவரை நேராகவில்லை. இடது காலை ஊன்றி, வலது காலை ஒரு தட்டுத் தட்டி இழுத்து, மறுபடி ஊன்றி வருவான். மூன்று தெரு தள்ளி வரும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும், தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள். அவளுடைய கீபோர்டில் வந்தது அந்த நடைதான். ஊன்றி, தட்டி, இழுத்து. ஆனால் மற்றவர்களின் ஆட்கள் எல்லோரும் ரோட்டிலிருந்தோ பஸ் ஸ்டாண்டிலிருந்தோ புறப்பட்டு வந்தார்கள் என்றால், ரெஜிஸின் முதல் ஐந்நூறு அடி சளப் சளப்பென்று தண்ணீரில் கேட்கும், பிறகு பழைய துறைமுகக் கல்லில் ஈரக்காலாகக் கேட்கும், அப்புறம்தான் தார் ரோட்டுக்கு வரும். அதைப் பற்றி நாங்கள் யாரும் அவளிடம் பேசவில்லை.

எங்கள் பங்குக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் பூசையில், இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். பெயர் வாசிக்கும்போது அந்த வீட்டார் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அந்த லிஸ்டை வருஷா வருஷம் எங்கள் ஆபீஸில்தான் அடித்துக் கொடுப்போம், அடிப்பது ஜொவிட்டா. தோணியில் போன எட்டுப் பேரின் பெயரையும் அவள் கையால்தான் அடித்தாள், ஒன்பதாவது பெயரை மட்டும் அடிக்கவில்லை. மூன்று கல்லறைத் திருநாள் அப்படிப் போயிற்று. நாலாவதுக்கு அக்டோபர் கடைசியில் ஒரு நாள் காலை ஆபீஸ் திறந்ததுமே அவள் மாமியார் செலஸ்தீனா, நீர் கோத்த காலோடு இருபத்திரண்டு படியும் ஏறி வந்தாள்.

“எம்மா ஜொவிட்டா, எட்டு வீட்டுப் பேரும் வாசிக்காவ. எம்புள்ள பேர மட்டும் வாசிக்கல. பந்தியில எல போடாம நிப்பாட்டுன மாதிரி நிப்பாம்மா அவன்.”

“மாமி, தெனம் வாசல் வரைக்கும் வாராவ. வாரவியள எப்படி மாமி லிஸ்ட்ல போட? நா அடிச்சா எங்கையாலயே அவியள முடிச்சு விட்ட மாதிரி ஆயிரும்.”

செலஸ்தீனா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு, “அடி, நா கேக்கேன்” என்றாள். ஜொவிட்டா அடித்தாள். சளப், சளப், சளப். பெற்றவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். “தண்ணியில இருந்துல்லா வாரான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அன்று ஜொவிட்டா சாப்பிடவில்லை; விடாமல் அடித்தாள், பழைய பில்லையெல்லாம் எடுத்துத் திரும்ப அடித்தாள். மூன்று மணிக்கு ரெஜிஸ் வாசலுக்கு வந்தான். இழுக்கிற கால் வாசல்படியில் ஒரு தடவை உரசியது, பிறகு சத்தம் இல்லை. “உள்ள வாங்க, கதவு இல்ல பாருங்க, கழத்தியாச்சு” என்று அவள் வாசலைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு அதைக் கேட்க முடியவில்லை, பேனா வாங்குகிற சாக்கில் கீழே இறங்கிவிட்டேன்.

பெர்க்மான்ஸ் என் பின்னாலேயே வந்தான். வாங்கி வந்த பாவம் அவனை அரித்துக்கொண்டிருந்தது. “அண்ணாச்சி, அவிய காலு இழுக்குதுல்லா, அதான் வாசப்படி தாண்ட முடியல. அது சுவிட்சுக்குள்ள உள்ள கரகரப்பு. கிரீஸ் போட்டா வழுவழுன்னு ஆயிரும், உள்ள வந்துருவாவ” என்றான். இதைச் சொன்னது சின்னப்பிள்ளை இல்லை, கேட்டுக்கொண்ட நானோ கிழவன், எனக்காவது புத்தி இருந்திருக்க வேண்டும். ரத்தினம் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, “போடு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெர்க்மான்ஸ் பூட்டிக் கிடந்த ஆபீஸைத் திறந்து, ஜொவிட்டாவின் கீபோர்டைக் கழற்றி, நூற்றுநான்கு சுவிட்சையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஸ்பிரிங்கை எண்ணெயில் தோய்த்து, கண்மை தீட்டுகிற தடிமனில் ஒரு பிரஷ்ஷை வைத்துக்கொண்டு தண்டுகளுக்குக் கிரீஸ் தடவினான். பக்கங்களில் தடவலாம், புடைப்பில் மட்டும் தடவக்கூடாது, தடவினால் தட்டு செத்துப்போகும், துடைத்தாலும் திரும்பாது என்பது இந்தக் கீபோர்டுப் பித்தர்களின் அரிச்சுவடி. அவனே எங்களுக்குப் பத்துத் தடவை சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்டவன், இந்தத் தட்டுதானே அந்த மனுஷனின் காலைத் தடுக்கிறது என்று நினைத்து, நூற்றுநான்கு புடைப்பிலும் கிரீஸைத் தடவிவிட்டான். சாயங்காலம் நாலு மணிக்கு எல்லாவற்றையும் மாட்டி, துணியால் துடைத்து, ஒரு சிலுவை போட்டுவிட்டு வீட்டுக்குப் போனான்.

திங்கட்கிழமை ஒன்பதே காலுக்கு ஜொவிட்டா உட்கார்ந்து முதல் பில்லை எடுத்தாள். தண்ணீரில் சத்தம் கேட்டது, ஆனால் சளப் சளப்பென்று தடுமாறாமல், மீன் போகிற மாதிரி போனது. துறைமுகக் கல்லில் ஏறியது. ஊன்றி, ஊன்றி, ஊன்றி. தட்டும் இல்லை, இழுப்பும் இல்லை. அவள் கையை எடுத்துவிட்டு, “யாரு இது?” என்றாள். பாதியில் விட்டால் ரோட்டில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். உப்புக் கிடங்கு, ரத்தினம் கடை, கீழ்வாசல். வலுவான இரண்டு கால்கள் இருபத்திரண்டு படியையும் நின்று மூச்சு வாங்காமல் ஏறி வந்தன. வாசலில் நிற்கவில்லை. படியைத் தாண்டி, தண்ணீர்ப் பானையைத் தாண்டி, எங்கள் மேசைகளுக்கு நடுவில் நடந்து வந்து, ஜொவிட்டாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன.

“உள்ள வந்துட்டாவ! அக்கா, உள்ள வந்துட்டாவ!” என்று பெர்க்மான்ஸ் கத்தினான், அழுதான், சூசையைக் கட்டிப் பிடித்தான்.

“யாரு வந்துருக்கா?” என்றாள் ஜொவிட்டா, திரும்பாமல். “இது எங்க வீட்டு நடையில்ல. அவிய காலு இழுக்கும்.”

அப்போதுதான் பெர்க்மான்ஸுக்குத் தான் செய்தது உறைத்தது. தரையில் உட்கார்ந்துவிட்டான். “புடைப்புல தடவிட்டேன் அண்ணாச்சி, எல்லாத்துலயும் தடவிட்டேன்” என்று அவன் சொல்லச் சொல்ல, நான் அவனைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை, ஏனென்றால் போடு என்று சொன்னவன் நான்.

ஜொவிட்டா மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. அன்று சாயங்காலம் சரக்கேற்றி முடிக்கிற கப்பலுக்கு அவள் அடிக்க வேண்டிய பில் ஏழு கிடந்தது. நான் சத்தமில்லாமல் எடுத்து மற்றவர்களுக்குப் பங்கு போட்டேன். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மதியம் வந்த பெண்கள் படியிலேயே திரும்பிப் போனார்கள். மூன்று மணி வாக்கில், அவள் தலையைக் கொஞ்சம் சாய்த்து, தோளுக்குப் பின்னால் நிற்கிறவரிடம் பேசுகிற குரலில், வீட்டில் பேசுகிற குரலில் கேட்டாள்:

“ஏங்க, காலு சரியாயிட்டா?”

கேட்டுவிட்டு அழுதாள். நாலு வருஷமாக அழாதவள், எட்டு வீட்டுக்காரிகளும் அழுது முடித்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். பாளையங்கோட்டையிலும் வேளாங்கண்ணியிலும் சரியாகாத கால் எந்த இடத்துக்குப் போனால் சரியாகும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது கிரீஸ் என்று பெர்க்மான்ஸ் சொல்ல வாயெடுத்தான். நான் அவன் கையைப் பிடித்து அழுத்தினேன், ஏனென்றால் அப்போது எனக்கும் அது கிரீஸ் என்று தோன்றவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பங்கு லிஸ்டைத் திறந்தாள். மவுஸுக்கு நடை கிடையாது, அதனால் அவர் அசையவில்லை. இனி ஓர் எழுத்து அடித்தால் அவர் ஓர் அடி வைப்பார், அவளைத் தாண்டி; அவளுக்கு முன்னால் இருப்பது ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப்புறம் கடல். அதுவும் அவளுக்குத் தெரியும். சொல்லிவைத்த மாதிரி நாங்கள் பத்துப் பேரும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தோம். அவள் பெயரை அடித்தாள், எங்களில் வேகமானவள், ஒரு பிள்ளை சிலேட்டில் எழுதுகிற வேகத்தில் அடித்தாள். ரெஜிஸ் என்று மட்டும் அடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் பெயர், குடும்பப் பெயர் எல்லாவற்றையும் அடித்தாள். நடை அவளுடைய நாற்காலியைச் சுற்றிக்கொண்டு மேசைக்கு முன்னால் போனது. வயதுக்கு நேரே முப்பத்தெட்டு என்று அடித்தாள். இரண்டு அடி.

இறந்த தேதி என்ற கட்டத்துக்கு வந்ததும் கை நின்றது.

மேலே எட்டுப் பெயருக்கும் ஒரே தேதி இருந்தது, வலைச்சாக்கு மிதந்த அன்றைய தேதி. “அதையே போட்டுருதியாம்மா?” என்றேன்.

“அது வேண்டாம் அண்ணாச்சி” என்றாள். “அதுக்கப்புறம் நாலு வருசம் எங்கூட இருந்துருக்காவ. நா வேற என்ன தேதி போட?”

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. முப்பது வருஷமாகக் கப்பல் வந்த தேதி, போன தேதி, சரக்கு இறங்கிய தேதி என்று தேதி பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. அவளோடு சேர்ந்து எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“இன்னைக்குத் தேதியப் போடும்மா” என்றேன்.

போட்டாள். எட்டு எண்கள். எட்டு அடியையும் நாங்கள் எல்லோரும் கேட்டோம்.